'எஸ்' போட்ட ரிப்போர்ட்டும் ஒளிந்திருக்கும் ஜீனும்

காசிமேட்டில் மீன் வெட்டுகிறவர்கள், ஐஸ் பெட்டி தூக்குகிறவர்கள் கையில் முள் குத்திச் சீழ் வைத்து எங்கள் லேபுக்கு வருவது வழக்கம். சீழைக் கல்ச்சர் போட்டால், அதாவது அதிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்த்தால், பெரும்பாலும் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ்தான் வளரும். அந்தக் கிருமியைவிட, எந்த ஆன்டிபயாடிக் அதற்கு வேலை செய்யும் என்று சொல்லும் ரிப்போர்ட்டை நாம் படிக்கும் விதம்தான் எனக்குக் கவலை. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. சரி, பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 'எஸ்' என்று வந்த கிருமிக்குள்ளேயே எதிர்ப்பு ஜீன் சத்தமில்லாமல் இருக்கலாம்.

இந்த ஸ்டெஃபில் 'இஆர்எம்' என்றொரு ஜீன் இருப்பதுண்டு. எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் பட்டதும் அது வேலையைத் தொடங்கி, கிருமிக்குள் மருந்து போய் ஒட்டவேண்டிய இடத்தையே மாற்றிவிடும், அதற்குப் பிறகு கிளிண்டாமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் ஒட்டாது. கிளிண்டாமைசினுக்கு மட்டும் அந்த ஜீனை எழுப்பும் சக்தி அவ்வளவாகக் கிடையாது, அதனால் தனியாகச் சோதித்தால் 'எஸ்' என்றே காட்டும். நம்பிக் கொடுத்தால் என்ன ஆகும்? கோடிக்கணக்கான கிருமிகளில் அந்த ஜீன் நிரந்தரமாக முடுக்கப்பட்ட சில கிருமிகள் இருந்தால், மற்றவை சாக அவை மட்டும் பெருகும், வற்றிக்கொண்டிருந்த கட்டி மறுபடி வீங்கும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மெஷின் வேண்டாம். கிருமியைப் பரப்பிய ஒரே தட்டில், மருந்து தோய்ந்த எரித்ரோமைசின் வில்லையையும் கிளிண்டாமைசின் வில்லையையும் 15 முதல் 26 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தால் போதும். ஜீன் இருந்தால் மறுநாள் கிளிண்டாமைசினைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் எரித்ரோமைசின் பக்கம் தட்டையாகி, ஆங்கில 'டி' எழுத்து மாதிரி தெரியும். டி டெஸ்ட் என்பது இதுதான். பாசிட்டிவ் வந்தால் கிளிண்டாமைசினை 'ஆர்' என்றுதான் எழுதவேண்டும்.

இப்போது மெடிக்கல் ஷாப் விஷயத்துக்கு வருகிறேன். சளி, காய்ச்சல் என்றால் சீட்டு இல்லாமலே அசித்ரோமைசின் 500 வாங்கி மூன்று நாள் போடுவது நம் ஏரியாவில் சாதாரணம். அதுவும் எரித்ரோமைசின் குடும்பம்தான்! வைரஸ் சளிக்கு அதனால் பிரயோஜனமில்லை, ஆனால் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் மூக்கில் குடியிருக்கும் ஸ்டெஃபுக்கு அந்த மருந்து போய்ச் சேரும், எதிர்ப்பு ஜீன் உள்ளவை அதில் தப்பிப் பிழைக்கும்.

இது சீழோடு நிற்பதில்லை. என்டெரோபாக்டர் என்ற வேறொரு கிருமியில் மருந்தை உடைக்கும் 'ஆம்ப்சி' ஜீன் அடங்கியே இருக்கும், செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக்குக்கு 'எஸ்' என்று வந்தாலும் சிகிச்சை நடக்கும்போதே 'ஆர்' ஆகலாம். கழிவுநீரிலோ, ஒரு கிருமி இன்னொன்றுக்கு ஜீனையே கைமாற்றும். 2023இல் சுவீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இன்னும் மருத்துவமனைகளில் அடையாளம் காணப்படாத எதிர்ப்பு ஜீன்கள், நமக்குத் தெரிந்தவற்றைவிட அதிகமாக மனித உடலிலும் கழிவுநீரிலும் இருப்பதைக் காட்டினார்கள். நம் தெருக்களில் மழைக்குச் சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் கலக்கும்போது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வருகிறது. தெரிந்த எதிர்ப்பே போதாதா, 2019இல் மட்டும் அதனால் நேரடியாக உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பீடு.

சீழ் கல்ச்சர் கொடுத்தால், "டி டெஸ்ட் பார்த்தீங்களா?" என்று லேபிலேயே கேளுங்கள். கடந்த மாதம் எந்த ஆன்டிபயாடிக் சாப்பிட்டீர்கள் என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், மாத்திரைப் பட்டை வீட்டில் இருந்தால் எடுத்துக்கொண்டே போங்கள். போன வருஷ ரிப்போர்ட்டில் 'எஸ்' இருந்தது என்று அதே மாத்திரையை இந்தப் புண்ணுக்கு நீங்களாகவே வாங்கிப் போடாதீர்கள், இது வேறு கிருமியாகவே இருக்கலாம்.