ரிஃப்ளெக்ஸ் குறைவா, பார்ப்பதில் தாமதமா?

"பையனுக்கு ரிஃப்ளெக்ஸ் கம்மி சார், அந்த லைட் டிரில் செட் (எரியும் விளக்கைச் சட்டென்று தொட்டுப் பழகும் கருவி) வாங்கிக் கொடுத்தா சரியாகுமா?" டென்னிஸ் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பணம் செலவழிக்கும் முன் ஒரு கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

கோர்ட்டின் நீளம் 23.77 மீட்டர். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த சர்வ், காற்றிலும் தரையிலும் வேகம் குறைந்து எதிர்முனைக்கு வர அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். கண்ணில் பட்டதற்கு உடல் அசையத் தொடங்கவே சுமார் 0.2 நொடி போய்விடும். இடமா வலமா என்று முடிவெடுக்க வேண்டுமென்றால் இன்னும் கூடும். இந்த 0.2 நொடியைப் பயிற்சியால் பெரிதாகக் குறைக்க முடியாது. முன்கூட்டியே பார்க்கக் கற்றுக்கொடுக்க முடியும். சர்வை நன்றாகத் திருப்பி அடிப்பவர்கள், டாஸ் (சர்வ் போட மேலே எறியும் பந்து) எங்கே போகிறது, தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது, ராக்கெட் முகம் எப்படி வருகிறது என்பதையெல்லாம் பந்து கிளம்பும் முன்பே படித்துவிடுகிறார்கள். ஜெர்மன் வீரர் போரிஸ் பெக்கர் சர்வ் போடும்போது நாக்கை நீட்டும் விதத்தை வைத்தே பந்தின் திசையைக் கண்டுகொண்டதாக அவரை எதிர்த்து ஆடிய ஆண்ட்ரே அகாஸி பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

விளக்கைத் தொடும் பயிற்சி விளக்கைத் தொடுவதில்தான் தேர்ச்சி தரும். தரையில் விரித்த ஏணிக் கட்டங்களில் கால் மாற்றி ஓடும் லேடர் டிரில் காலுக்கு நல்லது. ஆனால் அடுத்த அடி எங்கே என்பது முன்பே தெரிந்துவிடுவதால் அங்கே எதிர்வினைக்கு வேலையே இல்லை.

நான் முதலில் திருத்துவது ஸ்ப்ளிட் ஸ்டெப்பை. எதிராளி பந்தை அடிக்கப் போகும்போது சின்னதாக எம்பி, அடித்த மறுகணம் பாதம் தரையில் பட வேண்டும். சீக்கிரம் இறங்கினால் கால் இறுகி நின்றுவிடும். தாமதமானால் பந்து கடந்த பிறகும் ஆள் காற்றில் இருப்பார். "மெதுவான பையன்" என்று பெயர் வாங்கிய பல பிள்ளைகளிடம் நான் பார்த்தது இந்தத் தாமதத்தைத்தான். ராக்கெட் இல்லாமல், இன்னொருவர் சர்வ் போடுவதைப் பார்த்து எம்பி இறங்க மட்டும் பழக்குங்கள். பிறகு பந்து நெட்டைத் தாண்டும் முன் "ஃபோர்ஹேண்ட்" (ராக்கெட் பிடித்த கைப்பக்கம்), "பேக்ஹேண்ட்" (மறுபக்கம்) என்று உரக்கச் சொல்ல வையுங்கள். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. கண் தேடத் தொடங்குவதுதான் முக்கியம். செல்போனில் சர்வ் வீடியோ எடுத்து, ராக்கெட் பந்தைத் தொடும் நொடியில் நிறுத்தி "எங்கே போகும்?" என்று கேட்கலாம். இதற்குச் செலவே இல்லை.

இவற்றை வார்ம்-அப் முடிந்ததும், உடல் களைக்கும் முன் செய்ய வேண்டும். சில முறை செய்துவிட்டு நன்றாக ஓய்வு கொடுங்கள். மூச்சு வாங்கும்போது செய்தால் அது ஸ்டாமினா பயிற்சியாகிவிடும். கோர்ட்டில் கிடக்கும் பந்துகளை முதலில் பொறுக்கிவிடுங்கள். இறங்கும் கால் பந்தின் மேல் பட்டால் கணுக்கால் பிசகும்.

எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் மஞ்சள் பந்தில் நிறுத்தி "மெதுவாக இருக்கிறான்" என்று கவலைப்படாதீர்கள். அந்த வயதில் எதிர்வினை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. மஞ்சள் பந்தைவிட 75 சதவீதம் மெதுவான சிவப்புப் பந்து, 50 சதவீதம் மெதுவான ஆரஞ்சுப் பந்து எல்லாம் அவர்களுக்காகவே இருக்கின்றன.

இரவு பதினொன்றுக்குத் தூங்கி விடியற்காலை ஐந்துக்குக் கோர்ட்டுக்கு வரும் பிள்ளைக்கு எந்த டிரில்லும் கைகொடுக்காது. எல்லாப் பந்துக்கும் தாமதமாகவே வருகிறது, கரும்பலகையைப் பார்க்கவும் கண்ணைச் சுருக்குகிறது என்றால், கோச்சை மாற்றும் முன் கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.