சுழலி: ரோட்டாருக்குத் தமிழ்

இலத்தீனில் 'ரோட்டா' என்றால் சக்கரம். அதன் வழி வந்த 'ரொட்டேட்டர்' குறுகி 'ரோட்டார்' ஆனது. வடமொழி 'ரத'மும் இதே வேரில் கிளைத்ததுதான். வண்டி ஓடும்போது மின்சாரம் ஆக்கித் தரும் ஆல்டர்னேட்டருக்குள் ஒரு தேர்ச்சக்கரம் ஒளிந்திருக்கிறது.

தமிழில் சுழலி. சிலர் 'சுழற்றி' என எழுதுவது தவறு. சுழல் தன்வினை, சுழற்று பிறவினை. பெல்ட் இழுக்க, புல்லி திரும்ப, தானும் சேர்ந்து சுழல்வதே இதன் வேலை. சுழலாமல் நிற்கும் ஸ்டேட்டர், நிலையி.

பட்டறையில் சுழலியை 'ஆர்மேச்சர்' என்பார்கள். ஆல்டர்னேட்டருக்கு முன்பு வண்டிகளில் இருந்த டைனமோ காலத்து மிச்சம் அது. டைனமோவில் மின்சாரம் பிறந்தது சுழலும் சுருளில், ஆல்டர்னேட்டரிலோ நிலையியில். இங்கே சுழலி வெறும் மின்காந்தம்: ஒரு செம்புக்கம்பிச் சுருள், அதன்மேல் இருபுறமும் விரல் கோத்தாற்போல் கவிந்த இரும்பு நகங்கள், தண்டின் முனையில் ஸ்லிப் ரிங் எனும் இரண்டு நழுவு வளையங்கள். சுருளின் இரு நுனிகளும் வளையத்துக்கு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கும்.

ஆகவே சுழலி நன்றாக இருக்கிறதா என்று சோதிக்கப் பார்க்க வேண்டியவை இரண்டே: சுருள் முழுசாக இருக்கிறதா, இரும்பைத் தொடுகிறதா. பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஆல்டர்னேட்டரைப் பிரித்துச் சுழலியை வெளியே எடுங்கள். வளையத்தில் படிந்த கரியை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கரி இருந்தால் அளவு பொய் சொல்லும். மல்டிமீட்டரை 200 ஓம்ஸில் வைத்து, இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, காட்டும் 0.3 போன்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, பின்னால் கழியுங்கள். அளப்பதே சில ஓம்ஸ், அந்த 0.3 சிறிய பிழையல்ல.

வளையத்துக்கு வளையம், 12 வோல்ட் வண்டியில் பெரும்பாலும் 2 முதல் 5 ஓம்ஸ். சரியான எண் அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். எண்ணே வராவிட்டால் கம்பி அறுந்திருக்கிறது. முதலில் வளையத்தருகே பற்றுவைத்த இடத்தைப் பாருங்கள், பல நேரம் விட்டிருப்பது அங்கேதான். 1 ஓமுக்குக் கீழே போனால் சுற்றுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. 3 ஓம்ஸில் 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 12 ஆம்பியருக்கு மேல் பாயும், சுருளுக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கருகும். காரணம் பார்க்காமல் புது ரெகுலேட்டர் போட்டால் அதுவும் போகும்.

அடுத்து, மீட்டரை உயர்ந்த ஓம்ஸ் அளவுக்கு மாற்றி, வளையத்திலிருந்து தண்டுக்கு அளக்க வேண்டும். எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் பாடி ஷார்ட், அதாவது சுருள் இரும்பைத் தொடுகிறது.

குளிர்ந்திருக்கையில் சரியாகக் காட்டி, சூடானதும் மக்கர் செய்யும் சுழலியும் உண்டு. இரு வளையங்களுக்கும் அம்மீட்டர் வழியே 12 வோல்ட் கொடுத்துச் சில நிமிடம் விடுங்கள். சூடேற ஏற ஆம்பியர் மெல்ல இறங்குவது இயல்பு. குதித்தாலோ சட்டென விழுந்தாலோ கோளாறு. மின்சாரத்தை நிறுத்தி, சூடு ஆறுமுன் வளையத்திலிருந்து தண்டுக்கு மறுபடி அளந்துவிடுங்கள்.