சர்க்கரை இருக்கிறதா? தோட்டத்துக்குள் செருப்பைக் கழற்றாதீர்கள்

போன வாரம் இன்னொருவர் வந்தார். பணி ஓய்வு பெற்றவர், பல வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். குடியிருப்போர் சங்கத்துப் பொதுத் தோட்டத்தில் சேர்ந்து ஞாயிறுதோறும் வேலை செய்கிறார். வீட்டு டைல்ஸில் ரத்தக் கறையைப் பார்த்து மனைவி சத்தம் போட்ட பிறகுதான் தன் உள்ளங்காலையே திருப்பிப் பார்த்திருக்கிறார். கால் ஆணி என்று தானாக முடிவு செய்து, மருந்துக் கடையில் கார்ன் கேப் வாங்கி ஒட்டியிருந்தார். அதைப் பிரித்துச் சுத்தம் செய்தபோது சீழோடு வெளியே வந்தது முறிந்துபோன சீமைக்கருவேல முள். "எப்பக் குத்துச்சுன்னே தெரியல டாக்டர், வலியே இல்லையே" என்றார்.

அந்த "வலியே இல்லையே"வைக் கேட்டுக் கேட்டு எனக்கு மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பொதுத் தோட்டத்தில் சேராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. என்னிடம் வருகிறவர்களை நானே அனுப்புகிறேன். குனிந்து நிமிர்ந்து மண்ணைக் கொத்துவது நல்ல உடற்பயிற்சி. ஓய்வு பெற்றபின் பேச நாலு பேர் கிடைப்பது அதைவிடப் பெரிய மருந்து. ஆனால் வெறுங்காலோடு போகாதீர்கள்.

"மண்ணில் வெறுங்காலில் நடந்தால் சர்க்கரை குறையும்" என்ற பேச்சை யார் கிளப்பிவிட்டார்களோ தெரியாது, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு தோட்டத்து வாசலில் 'காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்று போர்டே வைத்திருக்கிறார்கள். மண் மேல் மரியாதை இருக்கட்டும், எனக்கும் உண்டு. ஆனால் ரத்தத்தில் சர்க்கரையைக் குறைப்பது நடை. நடக்கும்போது தசை வேலை செய்கிறது, அது சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. செருப்புப் போட்டு நடந்தாலும் அதே தசைதான், அதே வேலைதான். மண் உள்ளங்கால் வழியாக எந்தச் சர்க்கரையையும் உறிஞ்சுவதில்லை. வெறுங்காலில் நடந்ததால்தான் குறைந்தது என்று சொல்கிறவர்களிடம் விசாரித்தால், தினமும் முக்கால் மணி நேரம் நடக்க ஆரம்பித்திருப்பார்கள், ராத்திரிச் சாப்பாட்டையும் குறைத்திருப்பார்கள். பெயர் மட்டும் மண்ணுக்கு.

"எங்க தாத்தா கடைசி வரைக்கும் செருப்பே போட்டதில்ல சார்" என்பது அடுத்தது. சரி. அவர் காலில் முள் குத்தினால் "அய்யோ" என்று அங்கேயே உட்கார்ந்து பிடுங்கிப் போட்டிருப்பார். பல வருடச் சர்க்கரையில் நரம்பு கெட்டு, உங்கள் கால் அய்யோ என்று சொல்வதை நிறுத்திவிட்டது. முள்ளோடு ஒரு வாரம் நடந்திருக்கிறீர்கள். சர்க்கரைக் காலில் வலி இல்லை என்பது நல்ல செய்தி இல்லை. அதுதான் நோயே.

உங்கள் காலுக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் ஒன்றிரண்டு விநாடி மெல்லத் தொடட்டும். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. தொட்டதும் நீங்கள் சொல்ல வேண்டும். ஆறு இடத்தில் இரண்டு இடம் தவறினாலே நரம்பு பாதிப்புக்கு வாய்ப்பு அதிகம், மருத்துவரிடம் காலைக் காட்டுங்கள். எல்லாம் சரியாகச் சொல்லிவிட்டாலும் வருடத்துக்கு ஒரு முறை காலைக் காட்டத்தான் வேண்டும். ரத்தப் பரிசோதனைச் சீட்டை மட்டும் நீட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

செருப்பு என்றதும் பாத்ரூம் ஹவாய் செருப்பைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். விளாங்குடியோ வில்லாபுரமோ, நம் மதுரையில் காலி மனை என்றால் சீமைக்கருவேலம் இல்லாமல் இருக்காது. ஆடு மாடு நுழையாமல் வேலியாகப் போடுவதும் அதே முள்தான். ஹவாய் செருப்பை ஊடுருவிக்கொண்டு வரும் அது. கெட்டியான அடிப்பாகம் உள்ள மூடிய ஷூ, உள்ளே பருத்தி சாக்ஸ். சர்க்கரைக்காரர்களுக்கென்று விற்கும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பு வீட்டுக்கும் தெருவுக்கும் நல்லது, முள் காட்டுக்கு அது போதாது. தோட்டத்துப் பொது கம்பூட்ஸை அளவு பார்க்காமல் மாட்டாதீர்கள், உரசிய கொப்புளமே புண்ணாகும். எந்த ஷூவானாலும் மாட்டும் முன் கவிழ்த்துத் தட்டுங்கள். கல் இருக்கும், தேள் இருக்கும்.

சித்திரை வைகாசியில் மதியம் அந்தப் பக்கமே போக வேண்டாம், சுடுமண்ணும் காலைப் பொசுக்கும். மீனாட்சி கோயில் ஆடி வீதியில் வெயில் நேரத்தில் சுற்றிவிட்டுக் கொப்புளத்தோடு வருகிறவர்களை எல்லா வருடமும் பார்க்கிறேன். கோயிலில் சாக்ஸாவது போடுங்கள், அம்மன் கோபிக்க மாட்டாள்.

முள் குத்திவிட்டதா? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவுங்கள், சுத்தமான துணியால் மூடுங்கள், அன்றைக்கே காட்டுங்கள். எருக்கம்பால் விடுவது, சுண்ணாம்பு வைப்பது, பிளேடால் நோண்டுவது எதுவும் வேண்டாம். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றாலும் முள் உள்ளே இல்லை என்று அர்த்தமில்லை; மரமுள் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தெரியும். துருப்பிடித்த ஆணி குத்தினால்தான் டெட்டனஸ் வராமல் தடுக்கும் டி.டி. ஊசி என்பதும் தப்பு. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும்தான் வாழ்கிறது. பத்து வருடத்துக்கு ஒரு முறை போட வேண்டும். அழுக்கான காயம் என்றால், கடைசி ஊசி போட்டு 5 வருடம் ஆகியிருந்தாலே மறுபடி போட வேண்டும். பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலாவது போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தோடு ஊசியை மறந்த ஆண்கள்தான் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்.

ஐப்பசி கார்த்திகை மழையில், காலில் புண் இருந்தால், சேற்றில் இறங்கவே கூடாது. மெலியாய்டோசிஸ் என்று ஒரு தொற்று ஈர மண்ணிலிருந்து புண் வழியாக ஏறும். அது அதிகம் பிடிப்பது சர்க்கரை உள்ளவர்களைத்தான்.

அப்புறம், வெறும் வயிற்றில் மண்வெட்டி தூக்காதீர்கள். இன்சுலினோ கிளிமிபிரைடு மாதிரி மாத்திரையோ எடுக்கிறவர்கள் இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். படபடப்பு, வியர்வை, கை நடுக்கம் வந்தால் ரத்தத்தில் சர்க்கரை ரொம்ப இறங்கிவிட்டது என்று அர்த்தம்; வேலையை விட்டுவிட்டு, மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து உட்காருங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடி அதே அளவு. இதைப் பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் முன்பே சொல்லி வையுங்கள், மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது என்பதையும் சேர்த்து.

தோட்டம் நடத்துகிற நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆள் சேர்க்கும் படிவத்தில் பெயர், போன் நம்பரோடு இரண்டு கேள்வி சேருங்கள்: சர்க்கரை உண்டா? கடைசி டி.டி. ஊசி எப்போது? சர்க்கரை உள்ளவர்களுக்குக் குழித்தட்டில் நாற்று விடுவது, பந்தல் கட்டுவது, விதைக் கணக்கு எழுதுவது என்று கொடுங்கள். முள் வெட்டுவதை இளைஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வெட்டிய முள்ளை நடைபாதையில் குவிக்காதீர்கள். குழாயடியில் ஒரு சோப்பு, கால் தூக்கி உள்ளங்காலைப் பார்க்க ஒரு பெஞ்ச், ஒரு கைக்கண்ணாடி. தயவுசெய்து அந்தப் போர்டையும் எடுத்துவிடுங்கள்.