மொபிலிட்டி எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்

புதிதாக ஆய்வகத்துக்கு வரும் மாணவர்கள் முதல் டிரான்சிஸ்டரை அளந்ததும் ஓடி வந்து சொல்வது மொபிலிட்டியைத்தான். எண் பெரிதாக இருந்தால் முகமெல்லாம் பல். எனக்கோ அப்போதுதான் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

இந்த டிரான்சிஸ்டர்களைச் செய்யும் மாலிப்டினம் டைசல்ஃபைடு என்ற குறைகடத்தியின் ஒற்றை அடுக்கு சுமார் 0.65 நானோமீட்டர் தடிமன்தான். நடுவில் மாலிப்டினம், மேலும் கீழும் கந்தகம். இதில் எலக்ட்ரான் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது என்பதே மொபிலிட்டி. அதை நாம் நேரடியாக அளப்பதில்லை. மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனையான கேட்டின் மின்னழுத்தத்தை மாற்றி, மின்னோட்டம் ஏறும் சாய்வைப் பார்த்து, கேட் கெப்பாசிட்டன்ஸால் (கேட் எவ்வளவு மின்னூட்டத்தைச் சேர்க்கும் என்பதன் அளவு) வகுக்கிறோம். கெப்பாசிட்டன்ஸைக் குறைத்துப் போட்டால் மொபிலிட்டி தானாக வீங்கிவிடும்.

2011இல் சுவிட்சர்லாந்தின் லோசான் குழு, ஹாஃப்னியம் ஆக்சைடு மேல் கேட்டோடு ஒற்றை அடுக்கு டிரான்சிஸ்டர் செய்து, மொபிலிட்டி குறைந்தது 200 சதுர செ.மீ./வோல்ட்-வினாடி என்றது. உலகமே திரும்பிப் பார்த்தது. 2013இல் ஃபூரர், ஹோன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அளவீட்டில் ஓட்டை இருப்பதைக் காட்டினார்கள். அந்த டிரான்சிஸ்டருக்கு அடியிலும் ஒரு கேட் உண்டு. அந்தக் கீழ் கேட்டை இயக்கியபோது மேல் கேட் எதனோடும் இணைக்கப்படாமல் மிதந்துகொண்டிருந்தது. அதன் வழியாகவும் கீழ் கேட் சேனலை, அதாவது மின்னோட்டம் ஓடும் பாதையை, பாதித்ததால் உண்மையான கெப்பாசிட்டன்ஸ் கணக்கில் போட்டதைவிடப் பல மடங்கு அதிகம். எண் பத்து மடங்குக்கும் மேல் மிகையாகியிருந்தது. அதற்காக அந்த டிரான்சிஸ்டர் வீண் என்று சொல்ல மாட்டேன். அதன் ஆன்-ஆஃப் விகிதம், அதாவது திறந்தபோதும் மூடியபோதும் ஓடும் மின்னோட்டங்களின் விகிதம், பத்துக் கோடி, அது நிஜம்.

அப்புறம் கான்டாக்ட். உலோகமும் குறைகடத்தியும் சேரும் இடத்தில் எழும் தடை, கொடுக்கும் மின்னழுத்தத்தில் பாதியைக்கூட விழுங்கிவிடும். இரண்டே முனைகளில் அளந்தால் பெரும்பாலும் எண் குறையும். கேட் அந்தத் தடையையும் சேர்த்து மாற்றுவதால் சில சமயம் கூடவும் செய்யும்! நான்கு முனை அளவீடு (இரண்டு முனையில் மின்னோட்டம், வேறு இரண்டில் மின்னழுத்தம்) இல்லாத எண்ணை நான் பாதிதான் நம்புவேன். 2021இல் பிஸ்மத் கான்டாக்ட் 123 ஓம்-மைக்ரோமீட்டர் வரை தடையைக் குறைத்தது உண்மையிலேயே பெரிய விஷயம்.

கேட்டை ஏற்றும்போது ஒரு வளைவு, இறக்கும்போது வேறொரு வளைவா? காற்றிலுள்ள ஈரம் ஒட்டியிருக்கலாம். வெற்றிடத்தில் வைத்துச் சூடாக்கி மறுபடி அளந்து பாருங்கள்.

சரி, நான் மட்டும் யோக்கியமா? ஆரம்ப காலத்தில் எலக்ட்ரோடின் (உலோக முனையின்) அகலத்தையே சேனலின் அகலமாகப் போட்டு, நல்ல எண் வந்ததென்று இரண்டு நாள் துள்ளிக்கொண்டிருந்தேன். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் மாலிப்டினம் டைசல்ஃபைடு செதில் எலக்ட்ரோடைவிட அகலம், மின்னோட்டம் ஓரமாகவும் சுற்றிப் போயிருக்கிறது.