ஏர் கண்டிஷனர்: குளிரூட்டியா, வளிப்பதனியா?

வெயில் உச்சத்தில் இருக்கும் பிற்பகலில், அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் பின்பக்கச் சந்தில் நடந்து பாருங்கள். சுவரில் வரிசையாகத் தொங்கும் ஏசி பெட்டிகள் முகத்தில் அனலை வீசும். பக்கத்தில் ஒரு மெல்லிய குழாயிலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். 'குளிரூட்டி' என்ற சொல்லில் இந்த அனலுக்கும் இடமில்லை, அந்தச் சொட்டுநீருக்கும் இடமில்லை. அந்தச் சொல்மேல் எனக்குள்ள குறை அதுதான்.

'ஏர் கண்டிஷனிங்' என்ற சொல்லை 1906இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஸ்டூவர்ட் கிரேமர் என்ற அமெரிக்க நூற்பாலைப் பொறியாளர். ஆலைக் காற்றில் ஈரத்தைக் கூட்டுவதுதான் அவருடைய நோக்கம். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துபோகும். அதற்கு முன்பே, 1902இல், நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் வடிவமைத்த இயந்திரத்துக்கும் ஈரம்தான் காரணம். தாள் ஈரத்தை உறிஞ்சி விரிவதும் சுருங்குவதுமாக இருந்ததால், வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி விழவில்லை. மூலச்சொல்லின் பொருள் காற்றைப் பக்குவப்படுத்துவது. குளிர்விப்பது அதில் ஒரு பங்கு மட்டுமே.

பக்குவத்துக்குத் தமிழில் 'பதம்' இருக்கிறது. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். பாகுக்குப் பதம் பார்க்கிறோம், தோலைப் பதனிடுகிறோம். 'பதனம்' என்றால் கவனம், பாதுகாப்பு என்றும் பொருளுண்டு. காற்றைக் குறிக்கும் பழஞ்சொல்லான 'வளி', வளிமண்டலத்தில் இன்றும் நம்மோடு இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வளிப்பதனம், கருவி வளிப்பதனி. இலங்கைத் தமிழர் வழங்கும் 'வளிச்சீராக்கி'யும் அருமையான சொல்தான். 'குளிர்பதனம்' என்பதை உணவைக் கெடாமல் காக்கும் பெட்டிக்கும் கிடங்குக்கும் விட்டுவிடலாம்.

சொல்லில் ஏன் இத்தனை கண்டிப்பு? 'குளிரூட்டி' என்றதும் கருவி எங்கிருந்தோ குளிரைக் கொண்டுவந்து தருவதாக மனம் எண்ணிக்கொள்கிறது. குளிர் என்று ஒரு சரக்கு கிடையாது. கருவி செய்வது அறையின் வெப்பத்தை இறைத்து வெளியே கொட்டுவது, கிணற்றிலிருந்து நீர் இறைப்பதுபோல. அறைக்குள் 25 டிகிரி, வெளியே 35 டிகிரி என்றால் ஏற்றவேண்டிய உயரம் 10 டிகிரி. வெளியே 45 ஆனால் உயரம் 20. சுவர் வழியே உள்ளே கசியும் வெப்பமும் அப்போது இரு மடங்காகிறது. இறைக்கவேண்டியதும் இரட்டிப்பு, உயரமும் இரட்டிப்பு. கொள்கையளவில், குறைந்தபட்ச மின்தேவை ஏறத்தாழ நான்கு மடங்கு. நடைமுறைக் கருவிகளில் இந்த ஏற்றம் இவ்வளவு செங்குத்தாக இராது என்றாலும், போகும் திசை இதுதான். கடும் வெப்ப நாளில் ஊர் முழுவதும் ஒரே நேரத்தில் இந்தச் சுமை ஏறும்போதுதான் மின்கட்டமைப்பு திணறுகிறது.

அந்தச் சொட்டுநீருக்கும் மின்கட்டணம் உண்டு. காற்றிலுள்ள ஆவியை ஒரு லிட்டர் நீராக்க, சுமார் 0.68 கிலோவாட் மணி வெப்பத்தை அதிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும். அறையின் வெப்பநிலை ஒரு டிகிரிகூட இறங்காமல் செலவாகும் உழைப்பு இது. புழுக்கமான நகரங்களில் கட்டணம் ஏறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஈரம் ஏற்றப் பிறந்த சொல், இன்று பெரும்பாலும் ஈரம் இறக்கும் வேலையைக் குறிக்கிறது. 'பதனம்' இரண்டுக்கும் பொருந்துகிறது.

இறைத்த வெப்பம் எங்கே போகிறது? அறையிலிருந்து 3.5 கிலோவாட் எடுக்கும் கருவி 1 கிலோவாட் மின்சாரம் தின்றால், தெருவில் 4.5 கிலோவாட் கொட்டுகிறது. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட்டும் தாரும் இரவில் வெப்பத்தைக் கக்கும் நேரத்தில் இதுவும் சேர்ந்துகொள்கிறது. ஏசி இல்லாத வீட்டின் சன்னல் அதே சந்தின் பக்கம்தான் திறந்திருக்கிறது.

பேச்சில் ஏசி ஏசியாகவே இருக்கட்டும். பாடநூலிலும் செய்தியிலும் கட்டட விதிகளிலும் எழுதும்போது வளிப்பதனி என்று எழுதுவோம்.