ஏலக்காய் ஸ்டோரின் வெப்பம் கம்பத்து வீட்டுக்கு வந்து சேரும் வழி

கம்பத்திலோ போடியிலோ வீடும், எல்லைக்கு அப்பால் கேரள மலையில் வண்டன்மேட்டிலோ நெடுங்கண்டத்திலோ ஏலத்தோட்டமுமாக இருப்பவர்கள் ஏராளம். பறித்த பச்சைக்காய் ஸ்டோருக்குள், அதாவது காயை உலர்த்தும் சூட்டறைக்குள் போனால் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க உள்ளேயே காயும். அதில் பெரும்பகுதி நேரம் அறை வெப்பம் 45 முதல் 55 டிகிரி செல்சியஸுக்குள் நிற்க வேண்டும். ஏறினால் பச்சை நிறம் வெளிறிவிடும். இறங்கி, ஈரமும் வெளியேறாமல் தங்கினால் காய் கெடும். அந்த வெப்பத்தை மலையடிவாரத்து வீட்டிலிருந்தே போனில் பார்ப்பதற்கான கருவிகள் இன்று எளிதாகக் கிடைக்கின்றன: ஒரு சென்சார், அதைப் படித்து வை-ஃபையில் அனுப்பும் இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டு, ஒரு 4ஜி ரூட்டர், நடுவில் எம்க்யூடிடி என்ற செய்தி நெறிமுறை.

எண்ணைப் போனுக்குக் கொண்டுவருவது ஒரு மாலை வேலை. எண் வராமல் நின்றுபோனால் அதை உடனே தெரியவைப்பதுதான் உழைப்பு கேட்கும் பகுதி. 2 மணி நேரத்துக்கு முன் அளந்த 48 டிகிரியை இப்போதைய வெப்பம் போலக் காட்டிக்கொண்டிருக்கும் டேஷ்போர்டை (எண்களைக் காட்டும் போன் திரையை) நம்பித் தூங்கப் போவது, டேஷ்போர்டே இல்லாமல் ஸ்டோருக்கு ஓர் ஆள் போட்டுவைப்பதைவிட ஆபத்தானது.

ஏன் எம்க்யூடிடி?

1999-இல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்டு-கிளார்க்கும் ஆர்க்காம் நிறுவனத்தின் ஆர்லன் நிப்பரும் இதை வடிவமைத்தார்கள். பாலைவனத்தில் ஓடும் எண்ணெய்க் குழாய்களின் அளவீடுகளைச் செயற்கைக்கோள் வழியே, குறைந்த செலவில், அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பில் அனுப்புவதுதான் அன்றைய தேவை. மலைத்தோட்டத்தின் தேவையும் அதேதான்.

இதில் சென்சாரும் போனும் ஒன்றோடொன்று நேரடியாகப் பேசுவதில்லை. நடுவில் புரோக்கர் என்ற சர்வர் இருக்கிறது. ஊர்ச் சாவடிக் கரும்பலகையில் ஒருவர் எழுதிவிட்டுப் போக, வேண்டியவர் வந்து படித்துக்கொள்வதுபோல, சென்சார் ஒரு டாபிக்கில் (பெயரிட்ட தலைப்பில்) எண்ணை வெளியிடும். அந்த டாபிக்குக்குச் சந்தா வைத்திருக்கும் எல்லாருக்கும் புரோக்கர் அதைக் கொடுக்கும்.

மொபைல் சிம்மில் இது பெரிய வசதி. 4ஜி நிறுவனங்கள் பலருக்கு ஒரே பொது ஐபி முகவரியைப் பங்கிட்டுக் கொடுப்பதால், வெளியிலிருந்து நம் ரூட்டருக்குள் நுழைய வழி கிடையாது. எம்க்யூடிடியில் போர்டுதான் உள்ளிருந்து புரோக்கரை அழைக்கிறது. அந்த இணைப்பைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆகவே நிலையான ஐபி வாங்க வேண்டியதில்லை.

செய்தியும் மிகச் சிறியது. ஆங்கில எழுத்தில் ‘ஸ்டோர்1/டாப்/டெம்ப்’ என்று 15 எழுத்து டாபிக், அதில் ‘47.5’ என்ற மதிப்பு: எம்க்யூடிடி அளவில் மொத்தம் 23 பைட். இணைய அடுக்குகளின் தலைப்புகளைச் சேர்த்தாலும் நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பினால் நாளுக்குச் சில நூறு கிலோபைட்டைத் தாண்டாது.

டாபிக்கைத் தமிழிலும் எழுதலாம், எம்க்யூடிடி பயன்படுத்தும் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீடு அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் செய்ய வேண்டாம். ‘ஸ்டோர்1/மேல்தட்டு/வெப்பம்’ மட்டுமே 69 பைட் பிடிக்கும் என்பது சின்னக் காரணம். பெரிய காரணம் வேறு. ‘டோ’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். புரோக்கர் பைட் பைட்டாக ஒப்பிடுவதால் அதற்கு இவை இரண்டு வெவ்வேறு டாபிக்குகள். எங்கே பிழை என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. தமிழ்ப் பெயர்களை டேஷ்போர்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

சென்சார் பக்கம்

வெப்பத்துக்கு எஃகு உறையிட்ட டிஎஸ்18பி20 சென்சார் போதும். மைனஸ் 10 முதல் 85 டிகிரி வரை அரை டிகிரிக்குள் சரியாகக் காட்டும். மூன்று கம்பிகள்: 3.3 வோல்ட், கிரவுண்டு, டேட்டா. டேட்டாவுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். ஒயர் நீளமானால் 2.2 கிலோ ஓமுக்கு இறக்கலாம். ஒவ்வொரு சென்சாருக்கும் 64 பிட் தனி முகவரி உண்டு என்பதால் ஒரே ஒயரில் பலவற்றைக் கோக்கலாம். மேல்தட்டுக்கு ஒன்று, கீழ்த்தட்டுக்கு ஒன்று என்று குறைந்தது இரண்டு வையுங்கள். சூடான காற்று மேலே ஏறுவதால் இரண்டுக்கும் நல்ல வித்தியாசம் இருக்கும். சூட்டுக் குழாய்க்கு நேர் எதிரில் வைத்த சென்சார் குழாயைத்தான் அளக்கும், காயை அல்ல.

இந்தச் சென்சார் இரண்டு பொய் எண்களைச் சொல்லும். கரண்ட் வந்தவுடன் அதன் நினைவகத்தில் 85.0 என்ற தொடக்க மதிப்பு இருக்கும். 12 பிட் துல்லியத்தில் அளந்து முடிக்க 750 மில்லி விநாடி வேண்டும். அதற்கு முன் படித்தால் 85 வரும். உலர்த்தும் அறையில் 85 என்றால் தீப்பிடித்த மாதிரி அலாரம் அடிக்கும், வீட்டில் எல்லாரும் பதறுவார்கள். சரியாக 85.0 வந்தால் ஒரு விநாடி விட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். மற்றொன்று மைனஸ் 127. அது வெப்பமே அல்ல. சென்சாரிடமிருந்து பதில் இல்லை என்பதற்கு, அதைப் படிக்கும் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) தரும் அடையாளம். பெரும்பாலும் எலி கடித்த ஒயராகவோ தளர்ந்த இணைப்பாகவோ இருக்கும். இதைச் சராசரியில் சேர்த்துவிடாமல் ‘சென்சார் பழுது’ என்று தனி டாபிக்கில் அனுப்ப வேண்டும்.

ஈரப்பதத்துக்கு எஸ்எச்டி31 சென்சார் நல்லது. முதல் சில மணி நேரம் அறையில் ஈரம் 100 சதவீதத்தை நெருங்கலாம். சென்சார் மேல் நீர் படிந்தால், அறை காய்ந்த பிறகும் சிறிது நேரம் 100 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். காற்று புகும் வடிகட்டி மூடி போட்டதை வாங்குங்கள்.

போர்டை அறைக்கு வெளியே வையுங்கள். வெப்பம் ஒரு காரணம். ஈரக் காயும் இரும்புத் தட்டுகளும் வை-ஃபை அலையைத் தடுப்பது இன்னொன்று. வை-ஃபை அனுப்பும் கணத்தில் மின்னோட்டம் திடீரென்று உயரும். மெலிந்த சார்ஜரோ நீண்ட யுஎஸ்பி கேபிளோ இருந்தால் வோல்டேஜ் சரிந்து போர்டு தானாக ரீஸ்டார்ட் ஆகும். 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், குட்டையான கேபிள் போதும். ரூட்டருக்கும் போர்டுக்கும் சிறிய யுபிஎஸ் அவசியம். கரண்ட் போய் ஃபேன் நிற்கும் நேரத்தில்தான் இந்தத் தகவல் அதிகம் வேண்டும்.

ஸ்டோரைத் தாண்டி, சரிவில் உள்ள பாத்திகளின் மண் ஈரத்தையும் அளக்க வேண்டுமானால் வை-ஃபை எட்டாது. அங்கே குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு எட்டும் லோரா ரேடியோ சரி. இந்தியாவில் அதற்கு 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இன்றிப் பயன்படுத்தலாம்.

புரோக்கரும், மௌனத்தைக் கண்டுபிடிப்பதும்

வாடகைக்கு எடுத்த சின்ன கிளவுட் சர்வரில் மொஸ்கிட்டோ என்ற புரோக்கர் மென்பொருளை நிறுவலாம். 2.0 பதிப்பு முதல் இது சர்வருக்குள்ளிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஏற்கும். எந்த போர்ட்டில் கேட்க வேண்டும், கடவுச்சொல் கோப்பு எங்கே என்று கான்ஃபிக் கோப்பில் எழுதினால்தான் வெளியிலிருந்து நுழையலாம். பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 1883 போர்ட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் போகும்; டிஎல்எஸ் என்ற மறைக்குறியீட்டைப் போட்டு 8883-ஐப் பயன்படுத்துங்கள். புரோக்கரிலிருந்து டெலிகிராஃப் என்ற நிரல் எண்களை எடுத்து இன்ஃப்ளக்ஸ்டிபி என்ற தரவுத்தளத்தில் சேமிக்க, கிராஃபானா என்ற டேஷ்போர்டு நிரல் அதைப் படமாக வரைந்து காட்டும்.

ஒரே நிரலை இரண்டு போர்டில் ஏற்றும்போது கிளையன்ட் ஐடியை (புரோக்கரிடம் போர்டு சொல்லும் பெயரை) மாற்ற மறந்தால், ஒன்று இணையும்போது புரோக்கர் மற்றதைத் துண்டிக்கும். அது மறுபடி இணைந்து இதைத் துண்டிக்கும். நாள் முழுக்க இதே ஆட்டம். ஒவ்வொரு போர்டுக்கும் தனியாக உள்ள மேக் முகவரியையே ஐடியாக வைத்துவிட்டால் தீர்ந்தது.

இனி மௌனத்தின் விஷயம். இணையும்போதே போர்டு ஓர் உயிலைப் புரோக்கரிடம் கொடுத்து வைக்கலாம்: ‘நான் சொல்லாமல் போய்விட்டால், என் நிலை டாபிக்கில் 0 என்று வெளியிடு.’ கீப்-அலைவ் (‘உயிரோடு இருக்கிறேன்’ என்று போர்டு சொல்ல வேண்டிய இடைவெளி) 60 விநாடி என்றால், அதன் ஒன்றரை மடங்கு, அதாவது 90 விநாடி எந்தச் சத்தமும் இல்லாவிட்டால் புரோக்கர் இணைப்பை முறித்து அந்த 0-ஐ வெளியிடும். மறுபடி இணைந்ததும் போர்டு அதே டாபிக்கில் 1 என்று அனுப்ப வேண்டும். இந்த நிலைச் செய்தி இரண்டையும் ‘ரீட்டெய்ன்’ (கடைசிச் செய்தியைப் புரோக்கர் பிடித்துவைக்கச் சொல்லும்) குறியோடு அனுப்புங்கள். அப்போதுதான் புதிதாக வந்து சேரும் போனுக்கும் கடைசி நிலை உடனே தெரியும். வெப்ப அளவை மட்டும் ஒருபோதும் ரீட்டெய்ன் செய்யாதீர்கள். செய்தால், டேஷ்போர்டைத் திறந்த கணத்தில் நேற்றைய 48 டிகிரி புதிது போல வந்து நிற்கும்.

உயில் எல்லா இடத்திலும் உதவாது. பேட்டரியில் ஓடி, அனுப்பிவிட்டு முறையாக விடைபெற்று உறங்கும் போர்டுக்கு உயில் நிறைவேறவே செய்யாது. முறையாக விடைபெற்றால் புரோக்கர் உயிலை அழித்துவிடும். மைனஸ் 127 தரும் போர்டும் இணைப்பில் உயிரோடுதான் இருக்கும். ஆகவே கிராஃபானாவில் இரண்டாவது காவல் வேண்டும்: 5 நிமிடமாகப் புதிய எண் இல்லையென்றால் அதையே அலாரமாக எடுத்துக்கொள்ளச் சொல்லும் அமைப்பு அதில் உண்டு.

அனுப்பும் தரத்தில், நிமிடத்துக்கொரு முறை போகும் வெப்பத்துக்கு தரநிலை 0 (ஒருமுறை அனுப்பிவிட்டு விட்டுவிடுவது) போதும். அலாரத்துக்கு 1 (கிடைத்தது என்ற பதில் வரும்வரை விடாதது), அது இரட்டையாக வந்தாலும் கெடுதல் இல்லை. போர்டுக்கு நிரல் எழுத உதவும் ஆர்டுயினோவில் பரவலான பப்சப்கிளையன்ட் நூலகம் 0-இல் மட்டுமே வெளியிடும் என்பதையும், 256 பைட்டைத் தாண்டிய செய்தியை அனுப்பாமல் விட்டுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாவதற்கு பஃபர் அளவைக் கூட்டினால் போதும். முதலாவதற்கு வேறு நூலகம்தான் வேண்டும்.

கம்பம்மெட்டு போன்ற எல்லை மேடுகளில் இரண்டு மாநில டவர்களும் எட்டும். ரூட்டர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவினால் ஐபி மாறி, பழைய இணைப்பு செத்துப்போகும். போர்டுக்கு அது உடனே தெரியாது. ரூட்டரில் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்து பூட்டிவிடுவது நல்லது. அறுந்தால் 5 விநாடி, 10, 20 என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே திரும்ப முயலுமாறு எழுதுங்கள். கரண்ட் வந்ததும் போர்டு சில விநாடியில் எழும், ரூட்டருக்கு ஓரிரு நிமிடம் ஆகும். ஒருமுறை மட்டும் முயன்றுவிட்டு நிற்கும் நிரல் அன்றோடு நின்றேவிடும்.

அறுந்திருக்கும் நேரத்து அளவுகளையும் இழக்க வேண்டாம். நிமிடத்துக்கு ஒன்று வீதம் 12 மணி நேரத்துக்கு 720 அளவுகள். ஒன்றுக்கு 8 பைட் என்றால் 6 கிலோபைட்டுக்கும் குறைவு. போர்டின் நினைவகத்துக்கு இது ஒன்றுமே இல்லை. ஒவ்வொன்றோடும் அளந்த நேரத்தைச் சேர்த்து அனுப்பி, அந்த நேரத்தையே எடுத்துக்கொள்ளுமாறு டெலிகிராஃபுக்குச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் 12 மணி நேர வரலாறும் இணைப்பு திரும்பிய ஒரே நிமிடத்தில் குவிந்து நிற்கும். கரண்ட் போய் வந்து போர்டு எழுந்ததும் கடிகாரம் 1970-இல் தொடங்கும் என்பதால், இணைய நேரம் கிடைக்கும்வரை நேரமிட்ட செய்தி எதையும் அனுப்பக் கூடாது.

இத்தனைக்கும் பிறகு, அதிக வெப்பத்தில் ஹீட்டரை நிறுத்தும் தெர்மோஸ்டாட்டும் ஸ்டோருக்குள்ளேயே அலறும் பஸ்ஸரும் இணையத்தை நம்பாமல் தனியாக வேலை செய்ய வேண்டும். கம்பத்தில் இருப்பவர் போன் செய்து ஸ்டோரில் இருப்பவரை எழுப்புவதற்குள் காய் வெளிறிவிடும்.

காய் ஏற்றுவதற்கு முன் வெறும் ஸ்டோரில் சோதித்துவிடுங்கள். ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கி 90 விநாடி காத்திருங்கள். நிலை 0 ஆக வேண்டும். திரும்பச் செருகினால், விட்டுப்போன அளவுகள் அவற்றின் சொந்த நேரத்தில் படத்தில் நிரம்ப வேண்டும். டேட்டா ஒயரைக் கழற்றினால் பழுது என்று வர வேண்டும், வெப்பம் குறைந்தது என்று அல்ல. கடைசியாக சென்சாரை வெந்நீரில் வைத்து, பஸ்ஸர் அடித்த எத்தனை விநாடியில் வீட்டுப் போனுக்கு அலாரம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.