உடன்படிக்கை: ‘பெரீத்’ என்னும் எபிரேயச் சொல்லின் அரசியல் பொருள்

தமிழ் விவிலியத்தில் ‘உடன்படிக்கை’ என்று நாம் வாசிக்கும் சொல்லுக்கு எபிரேய மூலம் ‘பெரீத்’ என்பதாகும். அதன் வேர் குறித்து அறிஞர்கள் ஒருமனப்படவில்லை. ‘தளை’ என்று பொருள்படும், பண்டைய மெசொப்பொத்தாமியாவின் அக்காதிய மொழிச் சொல்லோடு அதை இணைப்போர் உண்டு.

வேரைவிட வழக்கே நமக்குத் தெளிவாகப் பேசுகிறது. எபிரேயத்தில் உடன்படிக்கையைச் செய்வதில்லை, ‘வெட்டுகிறார்கள்’. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தின் 15ஆம் அதிகாரத்தில் ஆபிராம் பிளந்து வைத்த மிருகத் துண்டங்களின் நடுவே நெருப்பு கடந்து போகிறது. வாக்கு மீறுவோருக்கும் பிளக்கப்பட்ட கன்றின் கதியே நேரும் என்பது இச்சடங்கின் பொருள் என்பதை எரேமியா நூலின் 34ஆம் அதிகாரம் வெளிப்படையாகவே சொல்கிறது. சிரியாவின் செபிரேயில் கிடைத்த கி.மு. 8ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில், இதே கன்றை வெட்டும் சாபம் இரு அரசர்களுக்கிடையிலான ஒப்பந்தத்தில் வருகிறது. ‘கர்த்தர் ஆபிராமோடே உடன்படிக்கைபண்ணி’ என்ற தமிழ் வரியில் அந்தக் கத்தி மறைந்துவிட்டது.

ஆக, இது கோயிலில் பிறந்த சொல் அன்று. பேரரசனுக்கும் திறை செலுத்தும் சிற்றரசனுக்கும் இடையே புழங்கிய சொல். அசீரியப் பேரரசன் எசரத்தோன் கி.மு. 672இல் தன் மகன் அசூர்பானிபாலுக்கு அரசுரிமையை உறுதிசெய்ய, தனக்கு அடங்கியோரிடம் ஆணை வாங்கினான். இளவரசனை உங்கள் உயிரைப்போல் நேசியுங்கள் என்று அந்த ஆவணம் கட்டளையிடுகிறது. மீறினால் மண் இரும்பாகும், வெண்கல வானத்திலிருந்து மழை பெய்யாதது போல் உங்கள் வயலிலும் பெய்யாது என்று சபிக்கிறது. எசரத்தோனுக்கு அடங்கிய அரசர்களின் பட்டியலில் எருசலேமிலிருந்து ஆண்ட யூதா நாட்டு அரசன் மனாசேயும் இருக்கிறான். விவிலியத்தின் ஐந்தாம் நூலான உபாகமத்தின் 28ஆம் அதிகாரத்தை இதனருகே வைத்துப் படியுங்கள்: வானம் வெண்கலமாகும், பூமி இரும்பாகும். ‘உன் தேவனாகிய கர்த்தரிடத்தில் உன் முழு இருதயத்தோடும் … அன்புகூருவாயாக’ என்ற அதே நூலின் புகழ்பெற்ற கட்டளையிலும் அந்த அரச விசுவாசத்தின் குரலே கேட்கிறது.

மனாசேயின் பேரன் யோசியா, அசீரியா தளர்ந்திருந்த கி.மு. 622 அளவில், ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்டதாகச் சொல்லப்படும் நூலை மக்கள் முன் வாசித்து உடன்படிக்கை செய்தான். அந்த நூல் உபாகமத்தின் தொடக்க வடிவம் என்பது பலரின் கருத்து. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து மீட்டவனுக்கே எங்கள் விசுவாசம் என்று சொன்ன மக்கள், பேரரசனுக்குரிய அந்த இடத்தை அசீரியத் தலைநகர் நினிவேயின் அரசனுக்குத் தர மறுத்தார்கள். சிறிய நாடொன்று பேரரசின் மொழியையே எடுத்துப் பேரரசுக்கு எதிராக வைத்த இந்தத் துணிவைப் பக்தி என்ற ஒற்றைச் சொல்லில் அடக்குவது, என் கருத்தில், அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

இனித் தமிழ் நிகரனுக்கு வருவோம். ‘உடன்படு’ என்ற வினையில் இரு தரப்பும் இசைவது தொனிக்கிறது. பெரீத்திலோ பெரும்பாலும் வலியவர் விதிக்கிறார், எளியவர் ஏற்கிறார். கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் இதை உணர்ந்தே போலும், இருதரப்பு ஒப்பந்தத்துக்குரிய ‘சுந்தேக்கே’யை விட்டு, ஒருவர் தம் விருப்பப்படி வகுத்து வைப்பதைக் குறிக்கும் ‘தியாத்தேக்கே’யைத் தேர்ந்தார்கள். உயில் என்ற பொருளும் அதற்கு உண்டு. இலத்தீன் வழியே நூலின் பெயராகி, தமிழில் ‘பழைய ஏற்பாடு’ என வந்து சேர்ந்தது அதுதான். இன்று ‘ஏற்பாடு’ என்றால் கல்யாண ஏற்பாடுதான் நினைவுக்கு வருகிறது. ஆகவே நூலின் பெயரில் மட்டும் அது நிற்கட்டும். பெரீத்துக்கு ‘உடன்படிக்கை’யே தகும், ‘ஆணையிட்டு ஏற்ற உடன்படிக்கை’ என்று முதல் இடத்தில் விரித்து எழுதினால் வெட்டுண்ட கன்றின் நினைவும் உடன் வரும்.